சிலையை எடுப்பதென்றால் வெளிச்சத்தில் எடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னைச் சாலைகளில் எந்தச் சிலை இருக்கலாம், எது போக வேண்டும் என்ற வாதம் மூளும்போதெல்லாம், யாருடைய சிலை என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எப்படி எடுப்பது என்று எவரும் கேட்பதில்லை.

1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமை புரிந்த பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றச் சொல்லி 1927இல் தொண்டர்கள் சிறை சென்றார்கள். 1937இல், ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் அது எடுக்கப்பட்டது. இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதற்காகப் போனது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 2001 டிசம்பரில் கண்ணகி சிலை போனது அப்படியல்ல. பீடத்தில் லாரி மோதியது என்றார்கள். 2006 ஜூனில் மெரினாவுக்குத் திரும்பும்வரை வதந்தி ஓயவில்லை. 2017 ஆகஸ்டில் நடிகர் சிவாஜி கணேசன் சிலையை எடுக்க நீதிமன்ற ஆணையே இருந்தது. அதையும் இரவில்தான் எடுத்தார்கள்.

இரவு அவசரத்தில் முதலில் அடிபடுவது கணுக்கால். எட்டடி வெண்கலச் சிலை உள்ளே வெற்றிடம்தான். அப்படியும் அரை டன் வரும். பாதத்திலிருந்து இறங்கும் கம்பிகள் பீடத்துக் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும். பெரும்பாலும் இரும்புக் கம்பிகள். வெண்கலத்தோடு ஒட்டியிருக்கும் இரும்பு கடற்காற்றில் வேகமாகத் துருப்பிடித்து, ஊதி, பீடத்தையே பிளக்கும். கம்பியை அறுக்காமல் கிரேன் இழுத்தால் கணுக்காலில் விரிசல் விழும்.

முறை இதுதான். பீடத்தின் மேல் கருங்கல் பலகையைக் கழற்றிக் கம்பிகளை வெளிக்கொணர வேண்டும். சிலை சாயாத அளவுக்கு மட்டும் கிரேன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். தூக்கும்போது பாரம் சிலையின் பாதத்துக்கு அடியிலுள்ள தட்டில் நிற்கட்டும். மார்பைச் சுற்றிய பெல்ட் ஆடாமல் பிடிக்க மட்டுமே. சங்கிலி கூடவே கூடாது. சிலையின் நீட்டிய கையில் கயிறு படவும் கூடாது. கிரேனில் பத்து டன் என்று எழுதியிருப்பது அதன் கை குறுகியிருக்கும்போது தூக்கும் எடை. கையை நீட்ட நீட்ட அது தூக்கும் எடை வெகுவாகக் குறையும். சிமென்ட் சிலையென்றால் மேலிருந்து தூக்கவே கூடாது, உள்கம்பி துருப்பிடித்திருந்தால் இடுப்பில் முறியும். அடியிலிருந்து இரும்புச் சட்டம் கட்டித்தான் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் விளக்கு வெளிச்சத்தில், இரண்டு மணி நேரத்தில் செய்ய முடியாது. போக்குவரத்துதான் காரணமென்றால் ஞாயிறு விடியற்காலையில் சாலையை மூடலாமே.

பீடத்துக் கல்வெட்டு இன்னும் முக்கியம். யார் வைத்தார்கள், என்றைக்கு, என்ன சொல்லி வைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. சிலை லாரியில் ஏறும். கல்வெட்டு இடிபாட்டோடு போய்விடும். கடப்பாரை வைப்பதற்கு முன்பே நாற்புறமும் படமெடுத்து, கல்வெட்டுக்கு மைப்படி எடுக்க வேண்டும். ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, தூரிகையால் தட்டி, மை பூச ஒருவருக்கு அரை நாள் போதும். பிறகு கல்லையும் சிலையோடு அனுப்ப வேண்டும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் புளி போட்டுப் பளபளப்பாக்கி விடாதீர்கள். சீராகப் படிந்த கரும்பச்சைக் களிம்பு உலோகத்துக்குக் கவசம். வெளிர்பச்சைப் பொடியாகக் குழிகளில் உதிர்ந்தால் அது உப்பு அரிப்பு. அதைப் பாதுகாப்பு வேதியியல் அறிந்தவர்தான் தொட வேண்டும்.

சாலை, நடைபாதைகளில் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இருப்பவற்றை இடம் மாற்றும் கோரிக்கைகளும் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் ஆணையின் எண், நாள், சிலை போகும் இடம் ஆகியவற்றை எழுதி, ஒரு வாரம் முன்பே அந்தப் பீடத்தருகே பலகை வைக்க அரசும் மாநகராட்சியும் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை