நீச்சல் குளத்துக்கு எந்த உடுப்பு வாங்குவது என்று தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிட்டாயா சாமி? தொளதொள டவுசரோடு போனதால் பிரான்ஸில் உன்னை நீச்சல் குளத்துக்குள் விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. "ஜட்டி மாதிரி இருக்கறதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னாடி நிக்க முடியாதுப்பா, நீச்சலே வேண்டாம்" என்றாய். நீச்சலை விட்டுவிடாதே கண்ணு. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொள்கிறது என்கிறாய், அதற்கு அது ரொம்ப நல்லது. உன் அப்பன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகத் துணியோடு கிடந்தவன், நீச்சல் உடுப்பு ஆர்டரும் வெட்டியிருக்கிறேன். போனில் அவசரத்தில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

பிரான்ஸில் பெரும்பாலான முனிசிபல் குளங்களில் தொளதொள டவுசருக்கு அனுமதி இல்லை. காரணம் சுத்தம்தான். பாக்கெட் வைத்த டவுசர் என்றால், தெருவிலும் பஸ்ஸிலும் போட்டுத் திரிந்துவிட்டு அப்படியே தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். அந்த அழுக்கும் வியர்வையும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமின் என்று ஒன்று உண்டாகும். கண் எரிவதும் மூக்கில் ஏறும் அந்த வாடையும் பெரும்பாலும் அதனால்தான். எனக்கு அது நியாயமான சட்டமாகவே படுகிறது. பல குளங்களில் தலைக்குத் தொப்பியும் கேட்பார்கள், அதையும் சேர்த்து வாங்கிக்கொள்.

நீ போட்டுப் போனது போர்டு ஷார்ட்ஸ். கடல் அலையில் பலகை ஏறுகிறவர்களுக்காக வந்த வெட்டு அது. அலை அடித்தாலும் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது என்பதற்காக எலாஸ்டிக்குக்குப் பதில் முன்னால் கயிறும் வெல்க்ரோவும் இருக்கும். பலகையில் தொடை உரசித் தேயக் கூடாது என்று நீளமாக விட்டிருப்பார்கள். ஸ்விம் டிரங்க்ஸ் என்று கடையில் தொங்குவது வேறு. அதில் எலாஸ்டிக் இடுப்பு, உள்ளே வலை லைனிங், அஞ்சு இன்ச், ஏழு இன்ச் என்று இன்சீம் கணக்கு, அதாவது கால் உள்பக்கத் தையலின் நீளம். கடற்கரைக்கு இரண்டும் அருமை. குளத்தில் நீந்தும்போது கால் வழியே தண்ணீர் புகுந்து பின்னால் இழுக்கும்.

நீ கூச்சப்படுகிற, ஜட்டி மாதிரி இருக்கும் பிரீஃபைப் பற்றி எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆஸ்திரேலியாவில் 1914-இல் பின்னலாடைக் கம்பெனியாக ஆரம்பித்ததுதான் ஸ்பீடோ என்ற நீச்சல் உடுப்புக் கம்பெனி. நம்ம மாதிரி பனியன்காரர்கள்தான். அங்கே 1960 வாக்கில் பீட்டர் டிராவிஸ் என்ற டிசைனர் அந்த உடுப்பை வயிற்றில் கட்டாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்தார். கை வீசும்போது வயிறு மடங்கும், மூச்சுக்கு ஏறி இறங்கும். எலும்பு அப்படி ஆடாது, அதனால் உடுப்பும் நழுவாது. துணியைக் குறைத்துக் கவர்ச்சி காட்ட வந்த வெட்டு இல்லை அது, காலை முழு வீச்சில் உதைக்க வந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் வாங்கியது பிரீஃபில்தான். நம்ம தாத்தா கோவணத்தோடு கிணற்றில் குதித்து, அப்படியே வாய்க்கால் மடை திருப்பப் போவார். ஊரில் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனாலும் உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் பிரீஃபே வேண்டாம். பாக்ஸர் வெட்டு வாங்கு. தொடையின் மேல்பாதியோடு நிற்கும், உடம்போடு ஒட்டியிருக்கும், அங்கே உள்ளே விடுவார்கள். நான் உனக்குச் சொல்வது இதைத்தான். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் ஜாமர் என்பதும் உண்டு. பந்தயக்காரர்கள் போடுவது. சில குளங்களில் அதன் நீளத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வாசல் போர்டைப் படித்துவிட்டு முடிவு செய். உடம்பு முழுக்க மூடுகிற ரேஸ் சூட்டுகளும் ஒரு காலத்தில் இருந்தன. 2009 ரோம் உலகப் போட்டியில் அவற்றைப் போட்டு 43 உலக சாதனை விழுந்தது. பாலியூரித்தேன் பூச்சு ஆளை மிதக்க வைக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 2010 முதல் ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரைதான், அதுவும் துணிதான் என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

கடையில் உடுப்பை உள்பக்கம் திருப்பிப் பார். இரண்டு காலும் சேரும் இடத்தில் நாலு தையலும் ஒரே புள்ளியில் வந்து முட்டினால் வைத்துவிட்டு வா. நீந்த நீந்த அந்த முடிச்சு உரசிப் புண்ணாகிவிடும். அங்கே குசெட் என்று தனியாக ஒரு துண்டு வைத்து, பிளாட்லாக் தையல் போட்டிருக்க வேண்டும். விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. முன்பக்கம் லைனிங் இருக்கிறதா, இடுப்பில் கயிறு இருக்கிறதா பார். வெள்ளை, வெளிர் நிறம் வேண்டாம், நனைந்தால் கண்ணாடியாகிவிடும். லேபிளில் நைலானும் லைக்ரா என்ற இழுபடும் நூலும் என்றால் போட்டதும் சுகமாக இருக்கும், ஆனால் குளோரின் லைக்ராவைத் தின்றுவிடும், பின்பக்கம் மெலிந்து தொளதொளத்துவிடும். பாலியஸ்டரும், லேபிளில் PBT என்று போட்டிருக்கும் நூலும் கலந்தது கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் நெடுநாள் உழைக்கும். வாரத்துக்கு நாலு நாள் போகிறவனுக்கு அதுதான்.

சைஸ் பிடிப்பாக எடு. தண்ணீரில் துணி இளகும், காய்ந்த உடம்பில் சரியாக இருப்பது குளத்தில் லூஸாகிவிடும். போட்டுப் பார்க்கும்போது குத்தவைத்து எழுந்து பார், பின்பக்கம் இறங்கினால் ஒரு சைஸ் குறை. உள்ளே காட்டன் ஜட்டி போடாதே, அது தண்ணீரை உறிஞ்சிக் கனத்துத் தொங்கும், அரிப்பும் வரும். குளித்து முடித்ததும் சும்மா பச்சைத்தண்ணீரில் அலசி, முறுக்காமல், டவலில் அமுக்கிக் காயப்போடு. ரூம் ஹீட்டர் மேல் போடாதே, வாஷிங் மெஷினும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் உள்பக்கத் தையலையும் லேபிளையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்பா பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் காசு கொடு.

அன்புடன்,
அப்பா