‘மூண்டது’ என்று எழுதாதீர்கள்: விடைக்குறிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வின் பொது வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரித்து அனுப்பும் சமூக அறிவியல் குழுவினருக்கு,

வணக்கம்.

பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கும் ஆசிரியன் நான். உங்களில் பலரும் வகுப்பறையில் சாக்பீஸ் பிடித்தவர்கள்தான் என்பதால் பின்னணி எதையும் விளக்கப் போவதில்லை. கட்டுக் கட்டாக விடைத்தாள், இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு, முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்து சேரும் விடைக்குறிப்பு, எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த அரையாண்டில் ஐந்து மதிப்பெண் வினா ஒன்று: ‘இரண்டாம் உலகப் போர் மூண்டதற்கான காரணங்களை விளக்குக.’ உங்கள் விடைக்குறிப்பில் எட்டுத் தலைப்புகள். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது சுமத்திய வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை, பொருளாதாரப் பெருமந்தம், பன்னாட்டுச் சங்கத்தின் தோல்வி என்று தொடங்கி, ஜெர்மனியும் போலந்தும் தகராறு செய்த துறைமுக நகரமான டான்சிக் பிரச்சினையில் முடிகிறது. ஆறாவது தலைப்பு ‘நாசிசத்தின் எழுச்சி’. ஏதேனும் ஐந்து தலைப்பு எழுதினால் ஐந்து மதிப்பெண். ஹிட்லர் என்ற பெயரையே எழுதாமல் ஒரு பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். வாங்கியும் இருக்கிறார்கள். நானே போட்டிருக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு மாணவி. அவள் தலைப்பே போடவில்லை. ‘போர் தானாக வரவில்லை. ஹிட்லர் முடிவு செய்து, தேதி குறித்து, பொய்க் காரணம் தயார் செய்து தொடங்கினார்’ என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். தேதிகள் சரி. பெயர்கள் சரி. எழுத்துப் பிழை இரண்டு மூன்று இருந்தது, அவ்வளவுதான். உங்கள் பட்டியலோடு ஒத்துப் போனவை இரண்டே வரிகள். ‘விடைக்குறிப்பை மீறிப் போடாதீர்கள், மறு ஆய்வில் கேள்வி வரும்’ என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள். சிவப்புப் பேனாவை எடுத்து, நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதிய பிள்ளைக்கு, ஐந்துக்கு இரண்டு போட்டேன்.

தாள் கொடுத்த அன்று இடைவேளையில் வந்து நின்றாள். சண்டை போடவில்லை. ‘சார், அப்ப யார் ஆரம்பிச்சாங்கன்னு எழுதக் கூடாதா?’ என்று மட்டும் கேட்டாள். பக்கத்து வகுப்பில் தமிழாசிரியை தன்வினை, பிறவினை நடத்திக்கொண்டிருந்தார். உருண்டது, உருட்டினான். மிரண்டது, மிரட்டினான். பிள்ளைகள் சேர்ந்து சொல்வது எங்கள் காதில் விழுந்தது. மூண்டது என்றால் மூட்டினான் என்று ஒருவன் இருந்தாக வேண்டும் என்பது அந்த வகுப்பில் பாடம். என் வகுப்பில் அதைச் சொன்னால் மூன்று மதிப்பெண் போகிறது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ‘போர் மூண்டது’ என்று எழுவாய் இல்லாமல் எழுதுவதை நிறுத்துங்கள். விடைக்குறிப்பின் முதல் வரியாக, போலந்தைத் தாக்க ஹிட்லர் உத்தரவிட்டார், அதனால் ஐரோப்பாவில் போர் தொடங்கியது என்று போடுங்கள். அப்படி எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் கொடுங்கள்.

வெர்செய்ல்ஸ் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜெர்மானியர்களுக்கு 1919-இல் ஏற்பட்ட அவமானம் நிஜம், அதை ஹிட்லர் ஓட்டாக மாற்றியதும் நிஜம். ஆனால் உங்கள் குறிப்பில் ‘தாங்க முடியாத இழப்பீட்டுத் தொகை ஜெர்மனியைப் போருக்குத் தள்ளியது’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த இழப்பீட்டுக்கு 1932-லேயே லோசான் மாநாட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30. அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே கட்டுவது நின்றுபோன பணம், ஆறரை வருஷம் கழித்து எப்படி ஒரு நாட்டைப் போருக்குத் தள்ளும்? பதவியேற்ற நாலாவது நாளே அவர் தளபதிகளிடம் கிழக்கே நிலம் பிடிப்பது பற்றிப் பேசிவிட்டார். 1936-இல் நான்காண்டுத் திட்டத்துக்காக எழுதிய குறிப்பில், நாலு வருஷத்தில் படை களத்துக்குத் தயாராக இருக்க வேண்டும், பொருளாதாரம் போருக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று கட்டளையே இருக்கிறது.

அப்புறம் 1937 நவம்பர் 5. பெர்லினில் நாலு மணி நேரத்துக்கு மேல் நடந்த கூட்டம். முப்படைத் தலைவர்களும் போர் அமைச்சரும் வெளியுறவு அமைச்சரும் உட்கார்ந்திருக்க, ஜெர்மனியின் நிலப் பிரச்சினை பலத்தால்தான் தீரும் என்று ஹிட்லர் சொல்கிறார். ஹோஸ்பாக் என்ற ராணுவ அதிகாரி எழுதி வைத்த குறிப்பு இன்றும் இருக்கிறது. அந்த அறையில் தயக்கம் காட்டியவர்கள் மூன்று பேர்: போர் அமைச்சர் பிளோம்பெர்க், தரைப்படைத் தலைவர் ஃபிரிட்ச், வெளியுறவு அமைச்சர் நாய்ராத். அடுத்த பிப்ரவரிக்குள் மூவருமே பதவியில் இல்லை. ஆயுதப் படைகளின் தலைமையை ஹிட்லரே எடுத்துக்கொண்டார். ‘சர்வாதிகாரம் போருக்குக் காரணம்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறோமே, அதற்கு அர்த்தம் இதுதான். வேண்டாம் என்று சொல்லக்கூடிய நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் காலி செய்துவிட்டார். இதை எழுதினால் உங்கள் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் மதிப்பெண் போடுவது?

டான்சிக்கை ‘உடனடிக் காரணம்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஹிட்லரோ 1939 மே 23 அன்று தன் தளபதிகளிடம், பிரச்சினை டான்சிக் இல்லை, கிழக்கில் வாழிடத்தை விரிப்பதுதான் என்று வாய் திறந்து சொன்னார். அதற்கும் குறிப்பு இருக்கிறது. உலகத்துக்குச் சொன்ன சாக்கை நாம் காரணம் என்று அச்சடித்து, எண்பது வருஷத்துக்கு மேல் கழித்தும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

என் மாணவி முக்கால் பக்கம் எழுதியது கடைசிப் பத்து நாளைப் பற்றி. அதைத்தான் நான் வகுப்பில் நிறுத்தி நடத்துவேன், ஏனென்றால் அங்கேதான் கை நன்றாகத் தெரிகிறது. 1939 ஆகஸ்ட் 22 அன்று ஹிட்லர் தன் மலை வீட்டில் தளபதிகளைக் கூட்டினார். போருக்கு ஒரு பிரசாரக் காரணம் தருகிறேன், அது நம்பும்படி இருக்கிறதா என்பது முக்கியமில்லை, ஜெயித்தவனிடம் உண்மை சொன்னாயா என்று யாரும் கேட்கப் போவதில்லை என்றார். கடைசி நேரத்தில் எவனாவது சமாதானம் பேச வந்துவிடுவானோ என்பதுதான் தன் பயம் என்றும் சொன்னார். மறுநாள் ஸ்டாலினோடு ஒப்பந்தம். 26-ஆம் தேதி தாக்குவதாக இருந்தது. பிரிட்டனும் போலந்தும் ஒப்பந்தம் போட்டுவிட்டன, கூட்டாளியான இத்தாலியின் முசோலினி தயாரில்லை என்கிறார் என்று 25-ஆம் தேதி மாலை தெரிந்ததும் நிறுத்தச் சொன்னார். கிளம்பிவிட்ட படைகள் நின்றன. நிறுத்து என்று ஒருவர் சொன்னால் நிற்கும் போர், அவர் போ என்று சொல்லாமல் எப்படி ‘மூளும்’?

ஆகஸ்ட் 31 ராத்திரி, எல்லைக்குப் பக்கத்தில் கிளைவிட்ஸ் என்ற ஊர் வானொலி நிலையத்துக்குள் ஹிட்லரின் எஸ்எஸ் படை ஆட்கள் போலந்துக்காரர்கள் மாதிரி புகுந்தார்கள். போலிஷ் மொழியில் நாலு வரி ஒலிபரப்பினார்கள். போலந்துக்காரர்கள் தாக்கியதற்குச் ‘சாட்சி’ வேண்டுமே. அதற்காக முந்தின நாளே பிடித்து வைத்திருந்த பிரான்சிஷெக் ஹோனியோக் என்ற உள்ளூர்க்காரரை மயக்கிக் கொண்டுவந்து, அங்கே போட்டுச் சுட்டார்கள். அந்த நிலையத்தின் மரக் கோபுரம், 111 மீட்டர் உயரம், இன்றைக்கும் நிற்கிறது. ஊர் இப்போது போலந்தில் கிளிவிட்சே. கோபுரத்தின் படத்தைத் தாளில் அச்செடுத்து வகுப்பில் சுற்றுக்கு விடுவேன். பிள்ளைகள் விரலை வைத்து அடியிலிருந்து மேலே வரை தடவிப் பார்ப்பார்கள். பொய் ஒன்றுக்கு இவ்வளவு உயரமாக ஒரு சாட்சி நிற்பதை அவர்கள் மறப்பதில்லை.

மறுநாள் செப்டம்பர் 1, விடியற்காலை 4.45-க்குத் தாக்குதல். வீலுன் என்ற சிறு நகரத்தின் மேல் குண்டு விழுந்தது, மருத்துவமனையும் தப்பவில்லை. அன்று காலை நாடாளுமன்றத்தில் ஹிட்லர், 5.45 முதல் நாங்கள் ‘திருப்பிச்’ சுடுகிறோம் என்றார். தன் போர் தொடங்கிய நேரத்தைக்கூட ஒரு மணி தப்பாகச் சொன்னார். தேதியில் தப்பில்லை. ‘செப்டம்பர் 1 முதல் எந்நேரமும் தயார்’ என்பது அந்த ஏப்ரல் மாதமே போட்டு வைத்திருந்த உத்தரவு.

மற்றவர்களுக்குப் பங்கில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1938-இல் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவைக் கேட்காமலே அதன் நிலத்தை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேனுக்கும் பிரெஞ்சுப் பிரதமர் தலாதியேவுக்கும் உண்டு. செப்டம்பர் 17 அன்று கிழக்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்த ஸ்டாலினுக்கு நிறையவே உண்டு. ஆசியாவில் 1937-லேயே சீனாவில் போரைத் தொடங்கிய ஜப்பானியத் தலைமைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதுங்கள், பெயரோடு எழுதுங்கள். பூட்டாமல் விட்டவர் பெயரையும் சொல்லுங்கள், உள்ளே புகுந்தவர் பெயரையும் சொல்லுங்கள். எல்லாரையும் ‘காரணிகள்’ என்று ஒரே பட்டியலில் போட்டால் போலந்தில் மட்டும் செத்துப்போன சுமார் 60 லட்சம் பேருக்கு, அதில் பாதி யூதர்கள், யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது.

நம் நாட்டிலிருந்தே இதை ஒருவர் அன்றைக்கே சரியாகச் சொன்னார். 1939 ஜூலை 23 அன்று வார்தாவிலிருந்து காந்தி ஹிட்லருக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் போரைத் தடுக்கக்கூடிய ஒரே மனிதர் இன்று உலகத்தில் நீங்கள்தான் என்று எழுதினார். பிரிட்டிஷ் அரசு அதைப் போய்ச் சேர விடவில்லை. காந்தி வெர்செய்ல்ஸுக்குக் கடிதம் எழுதவில்லை, பெருமந்தத்துக்கு எழுதவில்லை. செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபு, இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அதை எதிர்த்து அக்டோபர் கடைசியில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை விலகியது. அந்தப் பாடத்தில் ‘லின்லித்கோ அறிவித்தார்’ என்று ஆள் பெயரோடுதான் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கிறீர்கள். அங்கே எழுவாய் இருக்கிறது. போலந்துக்கு வந்ததும் எழுவாய் எங்கே போயிற்று?

இவ்வளவு கோபம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. அதன் சுவரில் ஹிட்லர் படம், கீழே அவர் சொன்னதாக ஒரு வாசகம்: ‘ஜெயித்தால் நீ விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.’ என் பிள்ளைகள் தினமும் அதன் அடியில் நின்றுதான் பஸ் ஏறுகிறார்கள். அவர்கள் போனில் வரும் ‘ஹிட்லர் பொன்மொழிகள்’ தனி. கட்டுப்பாடு, தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று பெரியவர்களே உதாரணம் காட்டுகிறார்கள். அந்தச் சுவரில் இருப்பதற்குப் பக்கத்தில் ஆகஸ்ட் 22-ஆம் தேதி அவர் நிஜமாகச் சொன்னதை வைத்துப் பாருங்கள். ஜெயித்தவனை யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, பத்து நாளில் ஒரு மனிதரை மயக்கிப் போட்டுச் சுட வைத்தார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இடம் வகுப்பறை, எழுத வைக்க வேண்டிய இடம் தேர்வு. நாம் அந்த இடத்தில் ‘மூண்டது’ என்று போட்டு வைத்தோம். பேர் இல்லாமல் நாம் விட்ட இடத்தில் சுவரொட்டிக்காரர் அந்தப் பேரை வேறு விதமாக எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயிற்சி மையங்களைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். விடைக்குறிப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. தலைப்பு வாரியாகப் போட்டால் திருத்துவது எளிது என்பதும், நூறு பள்ளிக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது. அதனால் பட்டியலையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. முதல் வரியை மட்டும் மாற்றித் தாருங்கள். ‘மூண்டது’ இருக்கும் இடத்தில் ‘ஹிட்லர் தொடங்கினார்’ என்று வரட்டும். தலைப்புப் போடாமல் சரியான தேதி, பெயரோடு தொடர்ச்சியாக எழுதும் விடைக்கும் முழு மதிப்பெண் தரலாம் என்று கீழே ஒரு குறிப்புச் சேர்த்தால் போதும். ஜனவரியில் திருப்புதல் தேர்வு வருகிறது. அதற்கு முன் செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மாணவியின் பெயரையும் பள்ளி முத்திரையையும் மறைத்து, அந்த ஒன்றரைப் பக்கத்தின் நகலை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். படித்துப் பாருங்கள். அவளுக்கு மூன்று மதிப்பெண் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியன்