கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். யீஷூன் அத்தை இப்போது கோல் இல்லாமல் நடக்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு. சைக்கிளில் மேடு ஏற எடை குறையணும் என்று வயிற்றைக் காயப்போடாதே.

கொஞ்ச நாளாக உன்னிடமிருந்து வருவதெல்லாம் "நல்லா இருக்கேன்மா" மட்டும்தான். சரி, நானும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதல்நிலை மகளிர் சைக்கிள் பந்தய அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வந்ததே 2020இல்தானாம். வருடத்துக்கு 15,000 யூரோ. ஆண்களுக்கு அப்போதே ஏறக்குறைய 40,000. உன் அணி மாதிரி முதல்நிலைக்குக் கீழே இருக்கும் கான்டினென்டல் அணிகளுக்கு அந்த 15,000கூட விதி இல்லையே, கயல்?

2021இல் பிரான்ஸின் பழைய பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை முதல்முறையாகப் பெண்களுக்கும் நடத்தினார்கள். இங்கிலாந்து வீராங்கனை லிஸி டைக்னன் ஈரமும் சேறுமான அந்தக் கல்பாவிய சாலையில் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாகவே ஓட்டி ஜெயித்தார். கையுறை போடாத கை தேய்ந்து ஹேண்டில்பாரெல்லாம் ரத்தம். அதற்குப் பரிசு 1,535 யூரோ! மறுநாள் ஜெயித்த ஆணுக்கு 30,000. மிச்சத்தை டைக்னனின் அணியே கையிலிருந்து போட்டதாம். அப்படி ஓர் அணி எல்லோருக்கும் அமையுமா? உன் அணி அப்படிச் செய்யுமா?

பெண்கள் பந்தயத்தை யாரும் பார்ப்பதில்லை, பிறகு காசு எங்கிருந்து வரும் என்கிறார் மாமா. காட்டினால்தானே பார்ப்பார்கள்? 2020இல்கூட பெண்களின் பெரிய பந்தயங்களை 45 நிமிடம் நேரலையில் காட்டினால் போதும் என்றுதான் விதி வைத்தார்கள். மாமாவிடம் இதைச் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டார்.

சாங்கி கடலோரச் சாலையில் விடியற்காலை ஆண்பிள்ளைகள் கூட்டத்தைப் பின்னால் விட்டுப் போனவள் நீ. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். பாலிடெக்னிக் முடித்ததும் கிடைத்த வேலையை உதறிவிட்டுப் போனாயே, அதைப் பற்றி நான் இப்போது பேசவில்லை. உன் சேமநிதிக் கணக்கில் ஒன்றுமே ஏறவில்லை என்பதையும் பேசவில்லை. கீழே விழுந்து எலும்பு முறிந்தால் செலவு யாருடையது என்று உன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? அதை மட்டும் சொல்.

ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பு. அவள் படித்துச் சொல்வாள். அப்புறம், உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது. திருப்பி அனுப்பாதே. சம்பளம் வராத மாதம் வராத மாதம்தான், அதை என்னிடம் மறைக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா