பதினோரு நிமிடச் சட்டை

அன்புள்ள நெட்டையனுக்கு,

உன்னுடைய இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் ஏழு மாதத்தை ஓட்டிவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். இவளுக்கு முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. வாயாடிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பிறந்த அன்றே தாத்தாவைவிடச் சத்தமாகக் கத்தினாளாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் விழுந்துவிட்டார். இப்போது தேறிவிட்டார், பதறாதே. ஆனால் அவர் விழுந்ததைவிட, அதற்கப்புறம் நான் செய்த காரியம்தான் என்னை எழுதவிடாமல் வைத்திருந்தது.

நடுராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். சட்டென்று எழுந்ததில் கண் இருட்டி, குளியலறை வாசலிலேயே சாய்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. டாக்டர் அவரைப் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 புள்ளி இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். அண்ணனுக்கு அதற்கு மேலேயே இறங்கியது. அழுத்த மாத்திரையைக் குறைத்தார். தூக்கம் வராதபோதெல்லாம் அண்ணன் தானாகவே ஒரு சளி மாத்திரையைப் போட்டுக்கொள்வார், அதையும் நிறுத்தச் சொன்னார். அந்தப் பழைய வகை மாத்திரைகள் வயதானவர்களுக்குத் தள்ளாட்டத்தையும் மனக்குழப்பத்தையும் கொண்டுவருமாம். நீயும் உன் மருந்துப் பெட்டியை ஒரு நாள் டாக்டர் மேசையில் கொட்டிக் காட்டு.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. நாங்கள்தான் முடியவிடவில்லை. "அசையாதீங்க, படுத்தே இருங்க" என்று பன்னிரண்டு நாள் கட்டிலிலேயே வைத்துவிட்டோம். பதின்மூன்றாம் நாள் நாற்காலியிலிருந்து அவரால் எழ முடியவில்லை. கையை ஊன்றியும் முடியவில்லை. பின்னால்தான் படித்தேன்: 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் நொடி இல்லாத வயதானவர்களை 10 நாள் படுக்கையில் இருக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கால் தசையில் கிட்டத்தட்ட 1 கிலோ போய்விட்டது. பத்தே நாளில், அதுவும் நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கு! நாங்கள் அன்பு என்று நினைத்துச் செய்தது அது.

என் வீட்டுக்கு வரச் சொன்னேன். மாடிப்படி ஏற முடியாது என்றார். அண்ணி போன பிறகு தனியாக இருந்து பழகியவர், யார் வீட்டு அறையிலும் ஒண்டிக்கொள்ள அவருக்கு மனமில்லை என்பதுதான் உண்மை. அவரே விசாரித்து, அவரே தேர்ந்தெடுத்து ஓர் இல்லத்துக்குப் போய்விட்டார். முதியோர் இல்லம் என்றதும் நீ மனதுக்குள் ஒரு படம் போட்டுக்கொள்வாய், அது வேண்டாம். இது அசிஸ்டட் லிவிங் என்கிறார்களே, அந்த வகை. தனி அறை, தனிக் குளியலறை, கதவுச் சாவி அவர் கையில். குளிக்க, மருந்து எடுக்க, நடக்க எவ்வளவு துணை தேவையோ அவ்வளவு மட்டும். இந்த யோசனையை முதலில் நடத்திக் காட்டியவர்களில் ஒருவர் கெரன் பிரவுன் வில்சன் என்ற அமெரிக்கப் பெண். அவருடைய அம்மாவுக்கு 55 வயதில் பக்கவாதம் வந்து, நர்சிங் ஹோம் என்று அங்கே சொல்லும் முழுநேரப் பராமரிப்பு இல்லத்தில் காலம் தள்ள வேண்டியதாகிவிட்டது. அந்த அம்மா மகளிடம் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை: தனக்கென்று ஒரு சின்ன இடம், சமைக்க ஒரு மூலை, பூட்டிக்கொள்ள ஒரு கதவு. மகள் 1983-இல் போர்ட்லேண்ட் நகரத்தில் அப்படி ஓர் இல்லத்தைத் திறந்தார். அண்ணன் தன் அறையை உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான்.

சேர்க்கும் அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு காரியம். எதைத் தானாகச் செய்வார், எதற்கு உதவி வேண்டும் என்று குறிக்க வேண்டும். சிட்னி கட்ஸ் என்ற டாக்டரும் அவருடைய கூட்டத்தாரும் 1963-இல் வெளியிட்ட பட்டியல் அது, இன்றைக்கும் அதை வைத்துத்தான் பார்க்கிறார்களாம். "உடுத்துவது" என்ற வரிக்கு நேராக நான் "உதவி வேண்டும்" என்று குறித்தேன். அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில். மோவாயைத் தூக்கி வைத்திருந்தார், கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட வசதியாக. உதவியாளர் குனிந்து மளமளவென்று போட்டு முடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மோவாயைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. நெட்டையா, நம் இரண்டு பேரையும் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டு மேலே கை கட்டிக்கொண்டு நின்றவர் அவர்தானே! நாம் தண்ணீரைக் குடித்துக் கத்தியபோதும் கையை அவிழ்க்கவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை. நீ உண்மையாகவே முங்கியபோது முதலில் குதித்தது யார்?

மறுநாள் போய், அவரையே போட்டுக்கொள்ளவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கட்டைவிரலால் பொத்தானின் விளிம்பைத் தேடினார். துளை நழுவியது. மூன்றாம் பொத்தானை நான்காம் துளையில் மாட்டி, கண்டுபிடித்து, திரும்பக் கழற்றினார். உதவியாளர் இரண்டு தடவை கையை நீட்டி இழுத்துக்கொண்டார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. காலையில் எட்டுப் பேரைக் கிளப்ப வேண்டியவர், படிவத்தில் உள்ளதைச் செய்தார். படிவத்தில் எழுதியது நான். கடைசிப் பொத்தான் ஏறியபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நாளைக்கு சீக்கிரமே எழுந்துக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இப்போது ராத்திரியே சட்டையை நாற்காலியில் மாட்டி வைத்துவிடுகிறார்கள். உதவியாளர் வருவதற்குள் அவர் தயார். குளியலில் மட்டும் நான் வீம்பு பிடிக்கவில்லை: உட்கார்ந்து குளிக்க முக்காலி, சுவரில் கைப்பிடி, கதவுக்கு வெளியே ஆள்.

இனி நாற்காலி கதை. அங்கே வரும் பிசியோதெரபிஸ்ட் பெண் சின்ன வயசு, ஆனால் கறார். நாற்காலியில் இரண்டு மெத்தை போட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழச் சொன்னார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, அப்புறம் பத்து. பத்தும் சுலபமானதும் ஒரு மெத்தையை உருவிவிட்டார். பிறகு அடுத்ததையும். 79 வயதில் இனி என்ன தசை வளரும் என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்னதைக் கேள். 1990-இல் மரியா ஃபியாடரோன் என்ற டாக்டர், ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தாராம். முடித்தவர்களுக்குக் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியதாம். ஒன்றுக்கு இரண்டரை மடங்குக்கும் மேல்! சின்னக் கூட்டம்தான், ஆனால் அந்த வயதிலும் தசை பேச்சுக் கேட்கிறது என்று அது காட்டிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சாய்த்துப் போட வேண்டும். இரண்டு கையையும் நெஞ்சின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்காருகிறோம் என்று எண்ண வேண்டும். கையை ஊன்றினால் சைபர். அண்ணன் வயதில் ஆண்களுக்கு 11-க்குக் கீழே வந்தால் விழும் அபாயம் உண்டு என்று கொள்கிறார்கள். நம் வயதுக்கு 12. அண்ணன் சைபரில் தொடங்கினார். மூன்று மாதத்தில் 9.

மற்றபடி வாரத்தில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சி, இரண்டு நாள் எடை, தினமும் நடை. உலக சுகாதார நிறுவனம் 65 தாண்டியவர்களுக்குச் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். நடை மட்டும் போதும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோமே, போதாது. புரதத்தையும் கூட்டியிருக்கிறார்கள், நம் வயதில் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராமுக்குக் குறையக் கூடாது என்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் வேளைக்குத் தண்ணீர் குடிக்கிறார், வயதானால் தாகமே சரியாகத் தெரியாதாம்.

இவ்வளவையும் இத்தனை நீளமாக எழுதுவது அண்ணனுக்காக மட்டும் இல்லை. உன் போன கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். "மகன் என்னை ஒரு துரும்பைக்கூட நகர்த்தவிடுவதில்லை, செருப்பைக்கூட மருமகள்தான் எடுத்துப் போடுகிறாள், ராஜா மாதிரி இருக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். முதல் தடவை படித்தபோது சந்தோஷப்பட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. அவர்கள் தங்கமான பிள்ளைகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் அண்ணனுக்குத் தங்கமான தம்பியாகத்தான் அந்தப் படிவத்தில் குறித்தேன். தயவுசெய்து நாளையிலிருந்து செருப்பை நீயே குனிந்து எடுத்துப் போடு. தட்டை நீயே கழுவு. மருமகள் தடுத்தால் இந்தக் கடிதத்தைக் கொடு. உனக்கு முடியாத நாள் வந்தால் அப்போது உதவி கேள், கேட்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முடிகிற காரியத்தை முன்கூட்டியே கொடுத்துவிடாதே.

இன்றைக்கே அந்த நாற்காலிச் சோதனையைச் செய்து பார். பக்கத்தில் மகனை நிற்கச் சொல். கை கட்டிக்கொண்டு நிற்கட்டும், நம் அண்ணன் நின்ற மாதிரி. எனக்கு 13 வந்தது. அண்ணன் இந்த மாதக் கடைசிக்குள் 11-ஐத் தொட்டுவிடுவேன் என்கிறார். "அந்த நெட்டைக் காலன் எத்தனை எழுந்தான், கேட்டு எழுது" என்று போன ஞாயிறே சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு நான் போகும்போது கேட்பார். அதற்குள் எழுதிவிடு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்