‘புகைத்தல் கூடாது’ என்ற வரி இனிப் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

உப்புவெளியில் எங்கள் வீட்டு மேல்மாடியைப் பல வருடங்களாக வாடகைக்கு விட்டு வருகிறேன். கம்பஸ் பிள்ளைகள், வங்கியில் வேலை செய்பவர்கள், சீசனுக்கு வரும் வெளிநாட்டவர்கள் என்று எத்தனையோ பேர் இருந்து போயிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ‘வீட்டினுள் புகைத்தல் கூடாது’ என்ற வரி தொடக்கத்திலிருந்தே உண்டு. அதை நம்பி இருந்துவிட்டேன்.

போன மாரியில் மேலே இருந்த தம்பி நல்ல பிள்ளை. வாடகை ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. ஆனால் அறைக்குள் வேப், அதாவது பற்றரியில் இயங்கும் இலத்திரனியல் சிகரெட், இழுப்பார். மழைக்கு யன்னல் எல்லாம் பூட்டியிருக்க, மாம்பழ எசன்ஸ் போல ஓர் இனிப்பு மணம் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கும். கீழே இருக்கும் என் பேத்திக்கு முட்டு வருத்தம். அந்த மணம் வந்த இரவுகளில் அவள் இருமி இருமி எழும்பினாள். மேலே போய்ச் சொன்னேன். “அன்ரி, இது சிகரெட் இல்லை, வெறும் ஆவிதானே. ஒப்பந்தத்திலும் இதைப் பற்றி ஒன்றும் இல்லையே” என்றார். ஒப்பந்தத்தில் இல்லைத்தான்.

ஆனால் அது வெறும் ஆவி இல்லை. அந்தத் திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும் வாசனைப் பொருட்களும் இருக்கின்றன, பெரும்பாலும் நிக்கோட்டினும் இருக்கும். சூடாகி வெளியே வருவது மிக நுண்ணிய துளிகள். அவை சுவர், கண்ணாடி, திரைச்சீலை எல்லாவற்றிலும் படியும். அவர் போன பிறகு யன்னல் கண்ணாடியைத் துடைத்தேன், துணி பிசுபிசுத்தது. திரைச்சீலையை இரண்டு தரம் தோய்த்த பிறகுதான் மணம் போனது. மெத்தைக்கு மேலேயே வேப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு அவர் வெளியே போன நாட்களும் உண்டு. லித்தியம் பற்றரி பழுதானால் தீப்பிடிக்கும், எங்கள் வீட்டுக் கூரையோ மரம். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

சிலர் முற்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள், நான் கழிக்கவில்லை. எழுதாத விதிக்கு எப்படிக் காசு பிடிப்பது? ஒருநாள் மணத்தது என்பதற்காக முற்பணம் முழுவதையும் வைத்துக்கொள்வது பெரிய அநியாயம்.

புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. வாடகை வீட்டுப் படுக்கையறை பொது இடம் இல்லையே. புகையிலை கலந்த இலத்திரனியல் சிகரெட்டுக்கு 2016இல் தடை வந்தது, ஆனாலும் வேப் கையில் வைத்திருப்பவர்கள் நம் வீடுகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே நாமும் குடியிருப்பவரும் பேசி எழுதிக்கொள்வதுதான் வழி.

இப்போது எங்கள் ஒப்பந்தத்தில் இப்படி இருக்கிறது: ‘அறைகளிலும் மாடி விறாந்தையிலும் சிகரெட், பீடி, வேப் எதுவும் பாவிக்கக் கூடாது. முற்றத்து மாமரத்தடியில் பாவிக்கலாம்.’ மாமரத்தடியை யோசித்துத்தான் சேர்த்தேன். நிக்கோட்டினுக்குப் பழகிய உடம்பு ஒரே நாளில் விட்டுவிடாது, வெளியே ஓர் இடம் காட்டாவிட்டால் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இழுப்பார்கள். திறப்பைக் கொடுக்கும் முன் அந்த வரியை வாசித்துக் காட்டுகிறேன். அறையை இருவருமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். அப்புறம், இதே விதி எங்கள் வீட்டாருக்கும் உண்டு. மேல் யன்னலுக்குக் கீழே நின்று சிகரெட் பிடித்த என் மைத்துனரையும் மாமரத்தடிக்கு அனுப்பிவிட்டேன்.

வாடகை, தண்ணீர், கரண்ட் பில் என்று எல்லாம் பேசும் தரகர்களும் ஒப்பந்தம் எழுதும் நொத்தாரிசுமாரும் இதையும் அப்போதே கேட்டு எழுத வேண்டும். நிலாவெளி, அலஸ்தோட்டம் பக்கம் அறை விடுபவர்கள் வருகிற சீசனுக்கு முன்பே இந்த வரியைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி அறைக்கதவில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
வீடு வாடகைக்கு விடும் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை