குண்டான பிள்ளையின் காலைச் சிறுநீரையும் பாருங்கள்: மலையகப் பாடசாலைகளுக்கு வரும் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், அவர்களோடு எங்கள் பாடசாலைகளுக்கு வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐ.மாருக்கும், மிட்வைஃப்மாருக்கும், தோட்ட டிஸ்பென்சரிகளில் வேலை செய்பவர்களுக்கும்,

வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு, குண்டான பிள்ளைகளின் சிறுநீரகத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு 12 வயது. தரம் 7 பரிசோதனையில் உயரம் 145 சென்டிமீட்டர், எடை 56 கிலோ என்று எழுதி, "சாப்பாட்டைக் குறைங்க, ஓடி விளையாட விடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னது சரிதான், அதில் குறையே இல்லை. ஆனால் பிரஷர் யாரும் பார்க்கவில்லை. அப்புறம் அடிக்கடி தலைவலி என்றான். அக்கா ஒரு வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனாள். அங்கே நிறம் மாறுகிற சோதனைப் பட்டியைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள், நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். நாலு மாதம் கழித்து கண்டியில் ஒரு குழந்தை வைத்தியரிடம் காட்டியபோதுதான், அவர் அவன் கைக்குச் சரியான பிரஷர்ப் பட்டையைத் தேடி எடுத்துக் கட்டி, மூன்று முறை பார்த்து, 124க்கு 80, இவன் வயதுக்கும் உயரத்துக்கும் இது கூட என்றார். பிறந்தபோது எவ்வளவு எடை என்று கேட்டார். அக்கா கிளினிக் கொப்பியை எடுத்துக் கொடுத்தாள், 2.1 கிலோ. காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைப் பிடித்து வரச் சொன்னார்.

முடிவு, ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (சிறுநீரோடு போகிற உடம்புக் கழிவு) 64 மில்லிகிராம் அல்புமின் (இரத்தத்திலேயே நிற்கவேண்டிய புரதம்). 30க்குக் கீழே இருக்கவேண்டியது. மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு தடவை பார்த்ததில் ஒன்று மறுபடியும் கூடவே வந்தது. மூன்றில் இரண்டு கூடினால் அது தற்செயல் இல்லை, சிறுநீரகம் கசிகிறது என்றார் வைத்தியர்.

"அவனுக்கு எங்கயும் வலிக்கலியே தம்பி" என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள். வலிக்காதுதான். வீக்கம் வராது, சிறுநீர் நிறம் மாறாது, பிள்ளை வழமைபோல ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் வீட்டில் இருக்கும் எங்களால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, நீங்கள் பார்த்தால்தான் உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது என்று அக்காவுக்கு நான் கொழுந்து மலையை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. அவ்வளவும் தாய் வயிற்றில், ஏறத்தாழ 36ஆவது வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும், பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாக வராது. எடை குறைந்து பிறக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையே குறைவு. அதாவது செக்ரோலில், தோட்டத்து ஆள் பதிவேட்டில், பேர் குறைவு. உடம்பு பெருப்பது, ஆளுக்கு ஒரு நாளில் பறிக்கவேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டது போல என்று வையுங்கள். இருக்கிற ஆட்கள் ஓடி ஓடிப் பறிப்பார்கள், ஆரம்பத்தில் கொழுந்து வழமையைவிடக் கூடவே வரும், வெளியே பார்ப்பவருக்கு மலை நன்றாக ஓடுவதாகத்தான் தெரியும். பிறகு ஒவ்வொருவராகச் சாய்வார்கள், மிஞ்சினவர் தலையில் இன்னும் சுமை ஏறும். சிறுநீரகத்திலும் அதேதான். முதலில் வடிகட்டிகள் வீங்கி அளவுக்கு மீறி வேலை செய்யும், அந்த அழுத்தத்தில் அல்புமின் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், பல வருடம் போனால் சில வடிகட்டிகள் தழும்பாகிப்போகும்.

எங்கள் தோட்டங்களில் 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கிற பிள்ளைகள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அந்தக் கொப்பிகளை நிரப்புகிறவர்களே நீங்கள்தான். தலைமுறை தலைமுறையாக மெலிந்த பிள்ளைகளைப் பார்த்துப் பயந்த சனம் நாங்கள். பிறந்தபோது கையளவு இருந்த பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தால் லயமே சந்தோஷப்படும். அந்தச் சந்தோஷத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சிறுத்துப் பிறந்து பிறகு பெருத்த பிள்ளையின் சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது, அப்படிப்பட்ட பிள்ளைகள் இப்போது எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

சிறுநீரக நோய் என்றாலே இங்கே எல்லாருக்கும் மெதவாச்சியும் பொலன்னறுவையும் கிராந்துருகோட்டையும்தான் ஞாபகம் வருகிறது, வயலில் வேலை செய்கிற பெரியவர்களுக்கு வருகிற நோய், குளிர்ப்பக்கத்துப் பிள்ளைக்கு ஏன் வரப்போகிறது என்கிறார்கள். அது வேறு, நான் பேசுவது வேறு.

சோதனைகள் ஏன் இதைத் தவறவிடுகின்றன என்பதையும் சொல்லவேண்டும், நாங்கள் ஏமாந்தது அங்கேதான். சாதாரணப் பட்டி, லீட்டருக்கு 300 மில்லிகிராம் அளவில்தான் ஒரு பிளஸ் காட்டும், ஆரம்பக் கசிவு அதற்குக் கீழேயே நின்றுவிடும். இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தால், சிறுநீரகத்தின் வேலையில் பாதிகூடக் குறைந்திருக்கும்போது எண் சாதாரணமாக நிற்கலாம். அதிலும் ரிப்போர்ட்டில் பெரியவர்களின் அளவையே போட்டு 'நார்மல்' என்று வந்தால் இன்னும் மோசம். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று அறிய, பிள்ளைகளுக்கு உயரத்தை 0.413ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் பிரிக்கவேண்டும். 145 சென்டிமீட்டர் பிள்ளைக்குக் கிரியேட்டினின் டெசிலீட்டருக்கு 0.9 மில்லிகிராம் என்று வந்தால் பெரியவர்களின் கணக்கில் அது நல்ல எண், இந்தக் கணக்கில் 66தான் வருகிறது, 90க்கு மேல் இருக்கவேண்டியது. உயரத்தை எழுதாமல் இரத்தம் அனுப்பினால் இது யாருக்கும் தெரியாது. சிஸ்டாடின் சி, என்கேல், கிம்-1 என்று வேறு சோதனைகளைப் பற்றியும் வாசித்தேன், அவற்றில் சில இன்னும் ஆராய்ச்சி மட்டத்தில்தான் இருக்கின்றன. அவை மலைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சிறுநீர் பார்க்கச் சொல்லவில்லை. ஜப்பானில் 1974இலிருந்து பாடசாலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் பார்க்கிறார்கள், அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களோ 2007இல் அந்த வழமையையே விட்டுவிட்டார்கள், வீண் பயமும் வீண் செலவும்தான் மிச்சம் என்று. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் கேட்பது சிறிய கூட்டத்துக்கு மட்டும். தரம் 1, 4, 7, 10 பரிசோதனைகளுக்கு நீங்கள் எப்படியும் வருகிறீர்கள், எடையும் உயரமும் எப்படியும் எடுக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை) அட்டவணையில் +2 கோட்டுக்கு மேல் போகிற பிள்ளை என்றால் அன்றைக்கே பிரஷரைப் பாருங்கள். சின்னப் பட்டையைப் பருத்த கையில் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், பெரிய பட்டை இருக்கிற பிரஷரை மறைக்கும், அதனால் இரண்டு மூன்று அளவில் பட்டைகள் வேண்டும். கிளினிக் கொப்பியில் பிறந்த எடையைப் பாருங்கள். கழுத்து மடிப்பில் கருமை படர்ந்திருக்கிறதா, வீட்டில் யாருக்கும் சிறுநீரக நோய் இருக்கிறதா என்று கேளுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அல்புமினையும் கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்க்கிற காலைச் சிறுநீர்ச் சோதனைக்கு எழுதிக் கொடுங்கள்.

காலைச் சிறுநீர் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வளர்கிற வயதில் பகலெல்லாம் நின்று நடந்தால் நல்ல பிள்ளைக்கும் அல்புமின் கசியும், படுத்து எழுந்தால் நின்றுவிடும். காய்ச்சல் நேரம், மாதவிடாய் நாட்கள், ஓடி விளையாடிய மறுநாள், இவற்றையும் தவிர்க்கவேண்டும். இதை ஒரு துண்டுத் தாளில் தமிழில் அடித்துக் கொடுத்தால் போதும், நாங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

போத்தலை எங்கே கொடுப்பது என்பதுதான் பெரிய தொல்லை. அக்கா விடிய ஐந்து மணிக்குப் பிள்ளையை எழுப்பி, போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய் வந்தாள், அன்றைய பேர் போய்விட்டது. மூன்று தடவை, மூன்று நாள் சம்பளம். இப்படி என்றால் எத்தனை தாய்மார் இரண்டாம் தடவை போவார்கள்? குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இந்தச் சிறுநீர் சில நாட்கள் தாங்கும். தோட்ட டிஸ்பென்சரியில் வாங்கி வைத்து, வாரத்தில் ஒரு நாள் வண்டி போகும்போது அனுப்ப முடியாதா? கூடுதலாக வந்த பிள்ளையை மட்டும் பேராதனைக்கோ குழந்தை வைத்தியர் இருக்கிற வைத்தியசாலைக்கோ அனுப்பினால் போதும்.

இன்னொன்று. தயவுசெய்து எடையை வகுப்புக்கு முன்னால் சத்தமாக வாசிக்காதீர்கள். எங்கள் பையனுக்கு அன்றைக்கு வைத்த பட்டப்பெயர் இன்னும் போகவில்லை. அடுத்த முறை தராசு வரும் என்று தெரிந்து வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். மறைகிற பிள்ளையை எப்படிப் பரிசோதிப்பது? ஒரு அறையை ஒதுக்கித் தருகிறோம், ஒவ்வொருவராக அனுப்புகிறோம்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் பங்கும் இருக்கிறது. 2016இலிருந்து குளிர்பானப் போத்தலில் சீனிக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடையாளம் போடுகிறார்கள், அதை வாசிக்க நான் பிள்ளைகளுக்குப் பழக்கிவருகிறேன். பணிஸும் இனிப்புப் பிளேன்டீயும்தான் காலைச் சாப்பாடு என்றால் அதற்குப் பின்னால் சம்பளம் இருக்கிறது, அதைத் தனியாக எழுதவேண்டும்.

எங்கள் பையனுக்கு வைத்தியர் இன்னும் மருந்து எதுவும் தொடங்கவில்லை. உப்பைக் குறைத்து, நடக்கவைத்து, எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இந்தக் கட்டத்தில் பிரஷரும் எடையும் இறங்கினால் கசிவும் குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறதாம், குறையாவிட்டால் அதற்கு மருந்தும் இருக்கிறது என்றார். நாலு மாதத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் என்று அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த தவணை எங்கள் பாடசாலைக்கு வரும்போது பெரிய பட்டை ஒன்றையும் பையில் போட்டு வாருங்கள். பிள்ளைகளின் கிளினிக் கொப்பிகளை முன்கூட்டியே வாங்கி, பிறந்த எடையைப் பெயர்ப் பட்டியலில் குறித்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்து ஆசிரியன் ஒருவன்