படிகம் வேறு, படிக அமைப்பு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாக மாறுவதைப் பற்றித் தங்கள் இதழின் வேளாண் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரை, எங்கள் பாலக்கோடு பக்கத்து உழவர்களும் படித்துப் புரிந்துகொள்ளும் நடையில் இருந்தது, நன்றி. ஆனால், அந்த மாற்றத்தைச் செய்யும் யூரியேஸ் என்னும் நொதியின், பாக்டீரியாவில் உள்ள வகையின் முப்பரிமாணப் படத்தை அச்சிட்டு, 'இதன் படிக அமைப்பை 1926-இல் ஜேம்ஸ் சம்னர் கண்டறிந்தார்' என்று அடியில் குறித்திருப்பது பிழை. முப்பது ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, இதைப் பார்த்தும் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சம்னர் 1926-இல் பெற்றது யூரியேஸின் படிகங்களை. அதன் படிக அமைப்பை அல்ல. அதுவும் பாக்டீரியாவிலிருந்து எடுத்ததன்று; நம்மூர்த் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் என்னும் அவரையின் விதை மாவை அசிட்டோன் கலந்த நீரில் கரைத்து வடித்து, குளிரில் வைத்திருந்து எடுத்தது. சிறு வயதில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் ஒரு கையை இழந்த அவர், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இந்த வேலையிலேயே கிடந்தார். நொதி என்பது புரதமே என்று அவர் சொன்னதை ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர்கள் நெடுநாள் ஏற்கவில்லை. 1946-இல்தான் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தப் பெருமையில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

பாலக்கோடு சர்க்கரை ஆலையிலிருந்து வரும் சர்க்கரையில் ஒரு மணியை உள்ளங்கையில் வைத்து எவ்வளவு நேரம் பார்த்தாலும், அதற்குள் கரியணு எங்கே, ஆக்சிஜன் எங்கே என்பது தெரியாது. படிகத்தின் மீது எக்ஸ்-கதிரைச் செலுத்தி, அது சிதறி விழும் ஆயிரக்கணக்கான புள்ளிகளின் செறிவை அளந்து, அதிலிருந்து எலெக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட்டு, அந்த வரைபடத்திற்குள் அணுக்களை ஒவ்வொன்றாகப் பொருத்திய பிறகே படிக அமைப்பு என்ற சொல்லுக்கு இடமுண்டு. புரதம் ஒன்றின் முப்பரிமாண வடிவம் முதன்முதலாகத் தெரிந்ததே 1958-இல், தசையில் ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் மயோகுளோபின் என்னும் புரதத்தில்தான் என்னும்போது, 1926-இல் யூரியேஸின் அமைப்பை எவரும் கண்டிருக்க முடியாது.

இந்த நொதிக்குள் உலோகம் இருப்பதுகூட சம்னருக்குத் தெரியாது. அதில் நிக்கல் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1975-இல் காட்டினார்கள். நிக்கல் உள்ள நொதி என்று முதலில் அறியப்பட்டதும் இதுவே.

பாக்டீரியாவின் யூரியேஸ் அமைப்பு வெளிவந்தது 1995-இல். கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்னும் பாக்டீரியாவின் நொதியை 2.2 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் தீர்த்தவர்கள், சம்னர் வேலை செய்த அதே கார்னெலின் கார்ப்ளஸ் குழுவினரும், மிச்சிகனில் அந்த நொதியை ஆராய்ந்துவந்த ஹவுசிங்கரும். அந்த அமைப்பில் இரண்டு நிக்கல் அணுக்கள் 3.5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. இரண்டையும் பிணைத்துப் பிடித்திருப்பது லைசின் என்னும் அமினோ அமிலம். அதுவும் வெறும் லைசினாக இல்லை, ஒரு கரியமிலவாயு மூலக்கூறு அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு பாலமாகியிருக்கிறது. நொதி உயிர்பெறக் கரியமிலவாயு ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு இப்படத்தில்தான் விடை கிடைத்தது. வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி இரைப்பை அமிலத்தில் தாக்குப்பிடிப்பதும் இதே போன்ற நிக்கல் இணையின் துணையால்தான்.

விடிகாலையில் மாட்டுக் கொட்டகைப் படலைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அந்த அம்மோனியா நெடி, மாட்டு மூத்திரத்து யூரியாவின் மீது இந்த இரண்டு அணுக்கள் செய்யும் வேலை. வகுப்பில் மாணவர்களிடம், தர்ப்பூசணி விதையை அரைத்து, யூரியாக் கரைசலில் விட்டு, குழாயின் வாயில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடிக்கச் சொல்வேன். தாள் மெல்ல நீலமாக மாறும்போது, 'சார், எங்க கொட்டாய் வாசனை!' என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வராத ஆண்டு இல்லை. விதையில் இருப்பது தாவர நொதி, கொட்டகையில் இருப்பது பாக்டீரியாவின் நொதி; வேலை ஒன்றே.

கட்டுரையாளர் தவறவிட்ட செய்திகளில் எனக்குப் பெரிய வருத்தம் தந்தது இன்னொன்று. சம்னர் படிகமாக்கிய அதே ஜாக் பீன் நொதியின் அமைப்பு 2010-இல் தீர்க்கப்பட்டது. தீர்த்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், ஜி. என். ராமச்சந்திரன் உருவாக்கிய படிகவியல் துறையினர். தாவர யூரியேஸ் ஒன்றின் அமைப்பு வெளிவந்தது அதுவே முதல்முறை. கிளெப்சியெல்லாவில் மூன்று தனித்தனிச் சங்கிலிகளாக இருப்பவை, அவரையில் ஒரே நீண்ட சங்கிலியாகத் தொடர்ந்திருப்பதை அதில் காணலாம். நிக்கல் இணை மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி. தமிழ் இதழ் ஒன்று யூரியேஸைப் பற்றி எழுதும்போது கிண்டியை விட்டுவிட்டுக் கார்னெலை மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே, அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். படத்தின் நடுவே பச்சை உருண்டைகளாக அச்சாகியிருக்கும் இரண்டும் நிக்கல் அணுக்கள் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். அவை அச்சுப் பிழையோ என்று என் பேத்தி கேட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.